அத்தியாயம் 7: இரண்டு கண்கள், ஓர் அடி நகர்வு

சென்ற அத்தியாயத்தை முடித்தபோது உங்கள் மேசைமேல் மூன்று பொருட்கள் இருந்தன. ஒரே அலுமினியப் பட்டையில் 12 செ.மீ. இடைவெளியில் திருகி இறுக்கிய இரண்டு கேமராக்கள். சதுரங்கக் கட்டம் ஒட்டிய அட்டையைக் காட்டி எடுத்த கேலிபரேஷன் கோப்பு. இடது படத்தில் ஒரு புள்ளி எந்த வரிசையில் இருக்கிறதோ வலது படத்திலும் அதே வரிசையில் வந்து விழும்படி நேராக்கிய படங்கள். இவற்றை வைத்துக்கொண்டு மேசையின் மறுமுனையில் இருக்கும் தம்ளரின் தூரத்தைக் கேட்டால் சரியான பதில் வரும். அதே கேமராக்களை மொட்டைமாடிக்கு எடுத்துப்போய் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டிக் கேளுங்கள். ஒரு ஃபிரேமில் 19 மீட்டர் என்று வரும், அடுத்ததில் 21, அதற்கடுத்ததில் 20. தொட்டியும் நகரவில்லை, கேமராவும் நகரவில்லை. எண் மட்டும் ஆடுகிறது.

கேலிபரேஷன் தப்பாகிவிட்டதோ என்று பலர் இந்த இடத்தில் மறுபடி சதுரங்க அட்டையைத் தூக்குகிறார்கள். வேண்டாம். இந்த ஆட்டம் கணக்கிலேயே இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், ஓர் அடி நகர்ந்து பார்ப்பது எதற்காக என்பதும் புரிந்துவிடும்.

கணக்கு தளரும் இடம்

ஒரே புள்ளி இடது, வலது படங்களில் எத்தனை பிக்சல் தள்ளி விழுகிறதோ அதை இந்நூலில் விலகல் என்று சொல்லி வருகிறோம். துறையில் உள்ளவர்கள் டிஸ்பாரிட்டி என்பார்கள். பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணங்களே போதும், சூத்திரம் வந்துவிடுகிறது:

ஆழம் = குவியத் தொலைவு × கேமரா இடைவெளி ÷ விலகல்

குவியத் தொலைவைப் பிக்சலிலும் இடைவெளியை மீட்டரிலும் வையுங்கள். நம் கேமராவுக்கு 700 பிக்சல், 0.12 மீட்டர், பெருக்கினால் 84. இந்த 84-ஐ உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், இனி எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான். 2 மீட்டரில் இருக்கும் பொருளுக்கு விலகல் 42 பிக்சல். 10 மீட்டரில் 8.4. 20 மீட்டரில் 4.2. 40 மீட்டரில் வெறும் 2.1.

நல்ல வெளிச்சத்தில், நல்ல மென்பொருள் விலகலைக் கால் பிக்சல் வரை பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கால் பிக்சல் பிசகு 2 மீட்டரில் 1.2 செ.மீ. பிழையாகிறது. 10 மீட்டரில் 30 செ.மீ. 20 மீட்டரில் 1.2 மீட்டர். 40 மீட்டரில் கிட்டத்தட்ட 5 மீட்டர். தூரம் இரண்டு மடங்கானால் பிழை நான்கு மடங்காகிறது. தண்ணீர்த் தொட்டி ஆடியதற்கு இதுதான் காரணம்.

இடைவெளியைக் கூட்டினால் பிழை குறையும். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் காரின் கூரைமேல் கேமராக்களைப் பொருத்தி 2012இல் வெளியிட்ட கிட்டி தரவுத்தொகுப்பில் இடைவெளி ஏறத்தாழ 54 செ.மீ. செவ்வாயில் 2004இல் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகளின் வழிகாட்டிக் கேமராக்களுக்கு 20 செ.மீ.; 2021இல் இறங்கிய பெர்சிவியரன்ஸுக்கு 42 செ.மீ. ஆனால் பட்டையை நீட்டிக்கொண்டே போக முடியாது. நீண்ட பட்டை வெயிலில் விரியும், அதிர்வில் வளையும். பக்கத்தில் இருக்கும் பொருள் ஒரு கேமராவில் தெரியும், மற்றதில் தெரியாமல் போகும். மடியில் வைக்கும் கருவிக்கும் சின்ன ட்ரோனுக்கும் 12 செ.மீ. என்பதே தாராளம்.

ஆகவே பட்டையை அப்படியே விட்டுவிட்டுக் கேமராவை நகர்த்துகிறோம்.

நகர்ந்தால் இடைவெளி நீளும்

பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் இடமாறு தோற்றப் பிழை என்று ஒன்றைத் தவிர்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அளவுகோலைச் சாய்ந்து பார்த்தால் அளவு மாறிவிடும், கண்ணை நேராக வை என்பார் ஆசிரியர். அங்கே பிழையாக இருந்ததுதான் இங்கே நமக்குக் கிடைக்கும் தகவல். தலையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் அருகில் இருப்பது அதிகம் இடம் மாறும், தொலைவில் இருப்பது கொஞ்சமாக மாறும். எவ்வளவு மாறியது என்பதில் ஆழம் இருக்கிறது.

கேமராவைப் பக்கவாட்டில் சரியாக 1 மீட்டர் நகர்த்துங்கள். நகர்த்துமுன் எடுத்த இடது படமும் நகர்த்தியபின் எடுத்த இடது படமும் சேர்ந்து 1 மீட்டர் இடைவெளியுள்ள ஒரு புதிய ஜோடி ஆகிவிடுகின்றன. 84 இருந்த இடத்தில் இப்போது 700. இருபது மீட்டரில் உள்ள தொட்டி 35 பிக்சல் நகர்கிறது. கால் பிக்சல் பிசகினால் பிழை 14 செ.மீ. மட்டுமே. 1.2 மீட்டர் எங்கே, 14 செ.மீ. எங்கே. காலத்தில் அடுத்தடுத்து எடுத்த படங்களுக்கிடையே ஒரு புள்ளி இடம் மாறுவதை இந்நூலில் நகர்வு என்கிறேன். விலகல் என்றால் இடது-வலது, நகர்வு என்றால் முன்-பின். இந்த இரண்டு சொற்களையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் அத்தியாயத்தின் பாதியைத் தாண்டிவிட்டீர்கள்.

இவ்வளவு எளிதா என்றால் இல்லை. 1 மீட்டர் என்று நினைத்து 95 செ.மீ. நகர்த்தியிருந்தால் எல்லா ஆழமும் 5 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். 20 மீட்டர் தொட்டி 21 மீட்டருக்குப் போய்விடும். சம்பாதித்த துல்லியம் முழுவதும் அந்த ஒரு பிசகிலேயே போய்விட்டது. அதைவிட மோசம் திருப்பம். கேமரா ஒரு டிகிரி திரும்பினால் படத்தின் நடுப்பகுதி ஏறத்தாழ 12 பிக்சல் நகர்கிறது. பத்தில் ஒரு பங்கு டிகிரி, கையால் உணரவே முடியாத அளவு, 1.2 பிக்சலைக் கொண்டுவந்து சேர்க்கிறது. திருப்பத்தால் வரும் நகர்வில் ஆழத்தைப் பற்றிய தகவல் துளியும் கிடையாது: அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒரே அளவில்தான் ஓடும். அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதில்தான் ஆழம் இருக்கிறது.

ஒற்றைக் கேமரா மட்டும் வைத்திருப்பவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தீப்பெட்டிகளால் கட்டிய பொம்மைத் தெருவில் 1 செ.மீ. நகர்ந்து எடுத்த படமும் உண்மைத் தெருவில் 1 மீட்டர் நகர்ந்து எடுத்த படமும் ஒன்றுபோலவே இருக்கும். படத்தை மட்டும் பார்த்து எது எது என்று சொல்ல வழியில்லை. நம்மிடம் 12 செ.மீ. பட்டை இருக்கிறது. அதுதான் அளவுகோல். எட்டிப் பார்ப்பதற்கு நகர்வு, அளந்து சொல்வதற்கு இரட்டைக் கண். இந்த வேலைப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

எவ்வளவு நகர்ந்தோம் என்பதைப் படமே சொல்லும்

1979இல் ஸ்டான்ஃபோர்டில் ஹான்ஸ் மொரவெக் ஒரு நாற்சக்கர வண்டியில் ஒற்றைக் கேமராவை வைத்து, அதைக் குறுக்குச் சட்டத்தில் தள்ளித்தள்ளி ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒன்பது படங்கள் எடுக்கவைத்தார். வண்டி ஒரு மீட்டர் போகும், நிற்கும், பத்துப் பதினைந்து நிமிடம் கணக்குப் போடும், மறுபடி ஒரு மீட்டர் போகும். நாற்காலிகள் போட்ட ஓர் அறையை அது ஐந்து மணி நேரத்தில் கடந்தது. தானாகப் படம் பார்த்து வழி தேடிய வண்டிகளில் அது முன்னோடி. அதன் வழிமுறையைக் கார்னகி மெல்லனில் லாரி மாத்தீஸ் தன் முனைவர் பட்ட ஆய்வில் செம்மைப்படுத்தினார். அதே வழிமுறைதான் பின்னாளில் செவ்வாய்க்குப் போனது. இன்றைக்கு உங்கள் மடிக்கணினியில் ஓடப்போவதும் எலும்புக்கூட்டில் அதுவே.

முதல் ஜோடிப் படத்தில், பின்தொடரத் தோதான மூலைகளைத் தேடுங்கள்: ஜன்னல் சட்டத்தின் மூலை, விளம்பரப் பலகையில் எழுத்தின் நுனி, கல்லின் கூர்விளிம்பு. இருநூறு முந்நூறு போதும். எல்லாம் ஒரே மரத்தின் இலைகளில் போய்க் குவிந்துவிடாதபடி படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குச் சில என்று எடுங்கள். ஒவ்வொரு மூலையையும் வலது படத்தில் அதே வரிசையில் தேடி விலகலைக் கணக்கிட்டால், அவை முப்பரிமாணப் புள்ளிகளாகிவிடும். பிறகு அடுத்த இடது படத்தில் அந்த மூலைகள் எங்கே போயின என்று பின்தொடருங்கள். இதற்கு இன்றும் ஓப்பன்சிவி மென்பொருள் தொகுப்பில் பலரும் எடுப்பது புரூஸ் லூகாஸும் தாகேயோ கனடேயும் 1981இல் எழுதிய வழிமுறை. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே அது இரட்டைப் பார்வைக்கானது என்று இருக்கிறது. பின்னாளில்தான் நகர்வுக்கென்று புகழ்பெற்றது. விலகலும் நகர்வும் ஒரே தேடல்தான் என்பதை அவர்கள் அப்போதே பார்த்திருக்கிறார்கள்.

பின்தொடர்ந்த புள்ளியைத் திரும்ப முதல் படத்துக்கே பின்தொடருங்கள். புறப்பட்ட இடத்துக்கு ஒரு பிக்சலுக்குள் வந்து சேரவில்லையென்றால் அதைத் தள்ளிவிடுங்கள். இந்த ஒரு சோதனையே தவறான ஜோடிகளில் பெரும்பகுதியை வடிகட்டிவிடும். மிஞ்சியவற்றை வைத்து, கேமரா எப்படித் திரும்பி எவ்வளவு நகர்ந்திருந்தால் அந்த முப்பரிமாணப் புள்ளிகள் புதிய படத்தில் இப்போதிருக்கும் இடங்களில் விழும் என்று கேட்கிறோம். சில புள்ளிகளை மட்டும் குருட்டாம்போக்கில் எடுத்து விடை கண்டு, மற்றவை அந்த விடைக்கு ஒத்துவருகின்றனவா என்று எண்ணி, அதிகப் புள்ளிகள் ஒத்துக்கொள்ளும் விடையை வைத்துக்கொள்ளும் ரான்சாக் முறை இங்கே கட்டாயம். அதுவும் 1981இல் வந்ததுதான். எவ்வளவு வடிகட்டினாலும் ஓடும் நாய் ஒன்று, கண்ணாடியில் தெரியும் பிம்பம் ஒன்று உள்ளே இருந்தே தீரும்.

தொடக்கத்தில் பலரும் செய்யும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தூரத்துப் புள்ளிகளின் ஆழம் நம்பத்தகுந்ததல்ல என்று தெரிந்ததும் அவற்றை மொத்தமாக எறிந்துவிடுகிறார்கள். எறியாதீர்கள். தூரத்துக் கோபுரம் உங்கள் ஓர் அடி நகர்வுக்கு அசையாது. அது அசைந்தால் நீங்கள் திரும்பியிருக்கிறீர்கள் என்று பொருள். தூரத்துப் புள்ளிகள் திருப்பத்தைச் சொல்லும், பக்கத்துப் புள்ளிகள் நகர்ந்த தூரத்தைச் சொல்லும். இரண்டும் வேண்டும்.

செவ்வாயில் ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகளில் இந்தக் கணக்கு ஓடியது 20 மெகாஹெர்ட்ஸ் கணினியில். ஓர் அடி எடுத்து வைத்து அதைச் சரிபார்க்க ஏறத்தாழ மூன்று நிமிடம் ஆகும். அடுத்தடுத்த படங்கள் போதிய அளவு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும் என்பதற்காக ஓர் அடி 75 செ.மீ.க்குள், ஒரு திருப்பம் 18 டிகிரிக்குள் என்று வரையறை வைத்திருந்தார்கள். நேரம் பிடிப்பதால் சமதளத்தில் அதை அணைத்துவிட்டுச் சக்கரம் சுற்றிய கணக்கை மட்டும் நம்பி ஓட்டுவார்கள். 2005 ஏப்ரல் 26 அன்று ஆப்பர்சூனிட்டி அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு மணல் மேட்டில் சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன, ஊர்தி புதைந்துகொண்டே போனது. சக்கரக் கணக்குப்படி அது முன்னேறிக்கொண்டிருந்தது. ஜூன் 4 வரை, ஐந்து வாரத்துக்கு மேல் பாடுபட்டுத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு வழியில் இடையிடையே நின்று, சறுக்குகிறோமா என்று படத்தால் சரிபார்ப்பது வழக்கமானது. உங்கள் வண்டியிலும் சக்கர எண்ணிக்கை இருக்கலாம். அதைத் தொடக்க ஊகமாக மட்டும் கொடுங்கள். தீர்ப்பைப் படம் சொல்லட்டும்.

முன்னே போகும்போது நடுவில் ஒரு குருட்டிடம்

பக்கவாட்டில் நகர்வது மேசைச் சோதனைக்குச் சரி. காரும் ட்ரோனும் நடக்கிற மனிதனும் முன்னோக்கித்தான் போகிறார்கள். அப்போது கணக்கு வேறு. எந்த இடத்தை நோக்கிப் போகிறோமோ அந்தப் புள்ளி படத்தில் அசையாது; மற்றவை எல்லாம் அதிலிருந்து வெளிநோக்கி விரிந்து ஓடும். அந்த அசையாப் புள்ளியை விரிமையம் என்போம். விரிமையத்திலிருந்து ஒரு புள்ளி எத்தனை பிக்சல் தள்ளியிருக்கிறது என்பது அதன் ஆரம்.

ஆழம் = நகர்ந்த தூரம் × புதிய ஆரம் ÷ ஆர வளர்ச்சி

20 மீட்டரில் ஒரு கம்பம். நாம் 1 மீட்டர் முன்னே போகிறோம். கம்பத்தின் ஆரம் 300 பிக்சல் என்றால் அது 15.8 பிக்சல் வெளியே நகரும். கால் பிக்சல் பிசகுக்குப் பிழை 30 செ.மீ. ஆரம் 100 என்றால் 5.3 பிக்சல் நகரும். பிழை 90 செ.மீ. ஆரம் 20 என்றால் நகர்வு ஒரே பிக்சல், பிழை நாலரை மீட்டர். விரிமையத்திலேயே இருக்கும் பொருளின் ஆழம் தெரியவே தெரியாது. ஆக, நாம் எதன்மீது மோதப்போகிறோமோ அதைப் பற்றித்தான் முன்னோக்கிய நகர்வு மிகக் குறைவாகச் சொல்கிறது.

இரட்டைக் கண்ணுக்கு இந்தக் குருடு கிடையாது. படத்தின் நடுவோ ஓரமோ, 20 மீட்டரில் அதற்குப் பிழை அதே 1.2 மீட்டர். இந்த எடுத்துக்காட்டில் ஆரம் ஏறத்தாழ 75 பிக்சலுக்கு உள்ளே விலகலை நம்ப வேண்டும், அதற்கு வெளியே நகர்வை நம்பலாம். உங்கள் கேமராவுக்கும் உங்கள் வேகத்துக்கும் இந்த எல்லை வேறாக இருக்கும்; கணக்குப் போட்டுப் பார்த்துப் படத்தின்மேல் ஒரு வட்டமாக வரைந்துகொள்ளுங்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு வட்டத்தை வரைந்தவர்கள் பிறகு தடுமாறுவதில்லை.

மறுபக்கமும் உண்டு. கேமராக்கள் இடவலமாக இருப்பதால், படத்தில் கிடைமட்டமாக ஓடும் கோட்டை இரட்டைக் கண்ணால் அளக்க முடியாது. மொட்டைமாடியில் குறுக்கே கட்டிய துணிக்கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். இடது படத்தில் கொடியின் ஒரு துண்டு வலது படத்தில் கொடியின் எந்தத் துண்டோடும் பொருந்தும்; கோடு தன்மேல் தானே வழுக்கிக்கொண்டு போகிறது. மின்கம்பி, படிக்கட்டின் விளிம்பு, கேட்டின் குறுக்குச் சட்டம் எல்லாம் இந்த வகை. ட்ரோன்களுக்குக் கம்பி ஆபத்தாவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் ஓர் அடி முன்னே போனால் விரிமையத்துக்கு மேலே இருக்கும் கொடி படத்தில் மேலேறும். நகர்வு அதைப் பிடித்துவிடும். ரயில் தண்டவாளமும் சாலையின் வெள்ளைக்கோடும் இதற்கு நேர் எதிர். விரிமையத்திலிருந்து ஆரமாக ஓடும் அந்தக் கோடுகள் முன்னே போகையில் தம்மேல் தாமே வழுக்கும். நகர்வால் அவற்றை அளக்க முடியாது, விலகலால் முடியும்.

ஒன்றின் குருட்டிடம் மற்றதற்குத் தெரிகிறது. இந்த இரண்டையும் ஏன் சேர்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் முதல் காரணம் இதுதான். துல்லியம் கூடுவது இரண்டாவது காரணம்.

முன்னே போகும் பேருந்து

இதுவரை போட்ட கணக்கெல்லாம் உலகம் அசையாமல் நிற்கிறது, நாம் மட்டும் நகர்கிறோம் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. சாலையில் அந்த நம்பிக்கை நொடிக்கு நொடி பொய்யாகும். உங்களுக்கு முன்னால் 15 மீட்டரில் ஒரு பேருந்து உங்கள் வேகத்திலேயே போகிறது என்று வையுங்கள். படத்தில் அது பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை. நகர்வுக் கணக்கு அதை நிலாவைப்போல் எல்லையற்ற தூரத்தில் வைத்துவிடும். விலகலோ 15 மீட்டர் என்று நிற்கும்.

இப்படி இரண்டும் சண்டையிடும்போது சராசரி எடுப்பதுதான் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. இந்தச் சண்டையே ஒரு செய்தி: அந்தப் பொருள் தானாக நகர்கிறது. விலகல் சொல்லும் ஆழத்தை வைத்து, நாம் நகர்ந்ததால் மட்டும் அந்தப் புள்ளி எங்கே வந்திருக்க வேண்டும் என்று கணித்துப் பாருங்கள். உண்மையில் வந்த இடத்துக்கும் கணித்த இடத்துக்கும் இரண்டு மூன்று பிக்சலுக்கு மேல் வேறுபாடு, அதுவும் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் எல்லாவற்றிலும் ஒரே திசையில் இருந்தால், அது ஒரு தனி வாகனம், அல்லது நடக்கும் ஆள். அவற்றை ஒரு குழுவாக ஒதுக்கிவையுங்கள். உங்கள் சொந்த நகர்வைக் கணக்கிடும் புள்ளிகளில் அவை இருக்கக் கூடாது. டைம்லர் நிறுவனத்தில் ஊவே ஃபிராங்கேயின் குழு 2005இல் வெளியிட்ட முறை, ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று இட எண்களோடு மூன்று வேக எண்களையும் சேர்த்து, பழைய கணிப்பையும் புதிய அளவையும் எடைபோட்டு இணைக்கும் கால்மன் வடிகட்டியால் பின்தொடர்ந்தது. ஆறு எண்கள் என்பதால் அதற்கு ஆறு பரிமாணப் பார்வை என்று பெயர். வண்டிகளுக்கு இடையிலிருந்து ஓடிவரும் குழந்தையை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்த மூன்று வேக எண்கள்தான்.

கும்பிடுபூச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. பூச்சிகளில் அதற்கு இரட்டைப் பார்வை உண்டு. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் தேன்மெழுகால் அதன் முகத்தில் சின்னஞ்சிறு கண்ணாடிகளை ஒட்டிப் படம் காட்டிச் சோதித்தார்கள். 2018இல் வெளிவந்த முடிவு வியப்பானது: இரண்டு கண்களிலும் உருவங்கள் பொருந்துகின்றனவா என்று அது பார்ப்பதில்லை, எங்கே மாற்றம் நடக்கிறது என்பதைத்தான் பொருத்திப் பார்க்கிறது. அசையும் இரையைப் பிடிக்க அது போதும், அதற்கு மிகச் சிறிய மூளையும் போதும். சின்னக் கணினியில் ஓடும் கருவி செய்பவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

இரண்டு கேமராவும் ஒரே கணத்தில் கண் திறக்க வேண்டும்

இரண்டு சாதாரண வெப்கேமராக்களை வைத்து நான் முதலில் முயன்றபோது, அறையில் குறுக்கே நடந்தவர் இடமிருந்து வலம் போகையில் சுவருக்குப் பின்னாலும், வலமிருந்து இடம் போகையில் மேசைக்கு முன்னாலும் தெரிந்தார். இரண்டு வாரம் கேலிபரேஷனைச் சந்தேகித்தேன். பிழை நேரத்தில் இருந்தது. நொடிக்கு 30 படம் எடுக்கும் இரண்டு கேமராக்கள் தத்தம் போக்கில் ஓடினால், அவற்றின் மிக நெருங்கிய படங்களுக்குள்ளேயே 16 மில்லிவினாடி வரை வேறுபாடு இருக்கும். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் குறுக்கே போகும் வண்டி 10 மில்லிவினாடியில் 10 செ.மீ. நகர்ந்துவிடும். நம் கேமரா இடைவெளியே 12 செ.மீ.தான். 10 மீட்டர் தூரத்தில் 8.4 பிக்சலாக இருக்க வேண்டிய விலகல் 1.4 ஆகலாம், 15.4 ஆகலாம்.

இதைச் சோதிக்க ஒரு நூலும் ஒரு நட்டும் போதும். 1922இல் கார்ல் புல்ஃப்ரிக் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் விளக்கிய விளைவு இது: ஒரு கண்ணுக்குமுன் கறுப்புக் கண்ணாடி வைத்துக்கொண்டு, குறுக்கே ஆடும் ஊசலைப் பார்த்தால் அது நீள்வட்டத்தில் சுற்றுவதுபோல் தெரியும். மங்கலாகப் பார்க்கும் கண்ணின் செய்தி மூளைக்குத் தாமதமாகப் போவதே காரணம். புல்ஃப்ரிக்குக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. தான் விளக்கிய விளைவை அவரால் பார்க்க முடியவில்லை.

1 மீட்டர் நூலில் நட்டைக் கட்டி, கேமராவிலிருந்து 2 மீட்டரில் தொங்கவிட்டு, கேமராப் பட்டைக்கு இணையாக இரு பக்கமும் 20 செ.மீ. ஆடும்படி விடுங்கள். நட்டின் ஆழத்தைப் படத்துக்குப் படம் குறித்து மேலிருந்து பார்ப்பதுபோல் வரையுங்கள். கேமராக்கள் ஒரே கணத்தில் எடுத்திருந்தால் கோடு வரும். 10 மில்லிவினாடி பிந்தினால், நடுவைக் கடக்கும்போது நட்டு ஒரு திசையில் 10 செ.மீ. முன்னாலும் மறு திசையில் 10 செ.மீ. பின்னாலும் தெரிந்து, கோடு நீள்வட்டமாக விரியும். 2 மீட்டரில் நம் இயல்பான பிழை 1.2 செ.மீ. மட்டுமே என்பதால் 2 மில்லிவினாடித் தாமதம்கூடக் கண்ணுக்குத் தெரியும். நீள்வட்டம் வந்தால் மென்பொருளில் சரிசெய்ய மெனக்கெடாதீர்கள். ஒரே கம்பித் துடிப்பில் இரண்டும் படமெடுக்கும் கேமராக்களை வாங்குங்கள். கூடவே, படத்தை வரிவரியாக எடுக்காமல் முழுவதையும் ஒரே கணத்தில் எடுக்கும் ஷட்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பணம் செலவழிக்க வேண்டிய இடம் இது. கூடுதல் மெகாபிக்சலுக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

இரண்டு பதில்களை ஒன்றாக்குதல்

நிற்கும் பொருள் என்று உறுதியானபின், விலகல் 20 மீட்டர், பிழை 1.2 என்கிறது, நகர்வு 19.4 மீட்டர், பிழை 0.6 என்கிறது. பிழையின் வர்க்கத்தைத் தலைகீழாக்கி எடையாக வையுங்கள். நகர்வுக்கு விலகலைப்போல் நான்கு மடங்கு எடை கிடைக்கும், விடை 19.5 மீட்டர், பிழை 0.54. அடுத்த அடியில் இந்த விடையையே பழைய அறிவாக எடுத்துச் சென்று புதிய அளவோடு சேர்க்க வேண்டும். பத்து அடியில் தண்ணீர்த் தொட்டி ஆடுவது நின்றுவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஆழத்தை நேராகச் சேர்க்காமல் ஒன்றின்கீழ் ஆழம் என்ற தலைகீழ் எண்ணாகச் சேருங்கள். கால் பிக்சல் பிசகு ஆழத்தில் முன்பக்கம் கொஞ்சமாகவும் பின்பக்கம் நிறையவும் விழும். தலைகீழ் எண்ணில் இருபக்கமும் சமமாக விழும், எல்லையற்ற தூரமும் சாதுவாகச் சுழியாகிவிடும். இன்னொன்று, நீங்கள் நகர்ந்த தூரத்தையே இரட்டைக் கண்தானே சொன்னது? ஆகவே இரு பதில்களும் முழுக்கத் தனித்தனிச் சாட்சிகள் அல்ல. பட்டை 12 செ.மீ.க்குப் பதில் 12.2 என்று பதிவாகியிருந்தால் இரண்டும் சேர்ந்தே தப்பும், மிகுந்த ஒற்றுமையோடு தப்பும். கணினி சொல்லும் 0.54-ஐ அப்படியே நம்பாமல் டேப்பால் அளந்த சில தூரங்களோடு ஒப்பிட்டுத்தான் ஏற்க வேண்டும்.

இருவருக்கும் தெரியாதவை

வெள்ளைச் சுவர், வெயில் பட்ட தார்த் தரை, அலையில்லாத நீர். பிடித்துக்கொள்ள ஒரு புள்ளியும் இல்லாத இடத்தில் விலகலும் இல்லை, நகர்வும் இல்லை. செவ்வாயில் 72 முறை பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டர், தரையைப் பார்க்கும் ஒரு கேமராவால் தன் நகர்வைக் கணித்தது. 2024 ஜனவரி 18 அன்று அடையாளம் ஏதுமற்ற மணல் அலைகளின்மேல் அந்தக் கணிப்பு தவற, இறங்கும்போது இறக்கைகள் சேதமாகி அதன் பறப்பு முடிந்தது. சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தி 2023 ஆகஸ்ட் 27 அன்று, 4 மீட்டர் விட்டமுள்ள ஒரு பள்ளத்தை 3 மீட்டர் முன்னாலேயே கண்டு, வந்த வழியே திரும்ப ஆணை பெற்றது. அதிலும் இரட்டை வழிகாட்டிக் கேமராக்கள் இருந்தன. பள்ளத்துக்கு விளிம்பு இருந்தது, நிழல் இருந்தது. மணலுக்கு அவை இல்லை. உங்கள் மென்பொருள் ஆழம் தெரியாத இடத்தில் ஏதோ ஓர் எண்ணைப் போட்டு நிரப்பாமல், தெரியவில்லை என்று காலியாக விடும்படி எழுதுங்கள். சுற்றியுள்ள எண்களை வைத்து அழகாக மெழுகிக் காட்டும் வசதி எல்லா மென்பொருளிலும் உண்டு; நகரும் வண்டிக்கு அதை அணைத்துவையுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. தரையில் 5 மீட்டருக்கு டேப்பை விரித்து, 25 செ.மீ. இடைவெளியில் இருபது முறை கேமராவை முன்னே தள்ளிப் படம் எடுங்கள். கணினி சொல்லும் மொத்தத் தூரத்தை 5 மீட்டரோடு ஒப்பிடுங்கள். பிறகு அதே வழியில் பின்னோக்கி வந்து, புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தள்ளிக் கணினி உங்களை நிறுத்துகிறது என்று பாருங்கள். ஊசலின் நீள்வட்ட அகலம், 5 மீட்டரில் வந்த பிழை, திரும்பி வந்தபோது விழுந்த இடைவெளி ஆகிய மூன்று எண்களையும் தேதியோடு எழுதிக் கேமராப் பட்டையிலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த அத்தியாயத்தில் வண்டியை ஓட்டப்போகிறோம். அந்த மூன்று எண்களும் இல்லாமல் அதைத் திறக்க வேண்டாம்.